நம்மைச் சுற்றி வாழும் காட்டுப் பிராணிகளும் நம்மவரின் தப்பெண்ணங்களும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் கடையின் பின்புறச் சந்தில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், சாக்கடையிலிருந்து ஏறி வந்த ஒரு பியாவாக்கை அண்டைக் கடைப் பையன்கள் நால்வர் கம்பும் இரும்புக் கம்பியுமாகச் சூழ்ந்து நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். "முதலைக் குட்டி காக்கா, விட்டால் பிள்ளைகளைக் கடிக்கும்" என்றான் ஒருவன். "முதலை இல்லை காக்கா, உடும்பு, நாக்கெல்லாம் விஷம்" என்றான் மற்றொருவன். நாம் தடுப்பதற்குள் அதன் ஹயாத் முடிந்துவிட்டது.

அன்றிரவு பெட்டியடியில் கணக்கு முடித்து உட்கார்ந்திருந்தபோது மனம் கேட்கவில்லை. நம்மவர்கள் மிளகையும் கிராம்பையும் கையிலே அள்ளி முகர்ந்தவுடன் எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவோம். ஆனால் நம் கொல்லையிலே திரியும் ஜந்து எது, அது எதைத் தின்கிறது, கடிக்குமா கடிக்காதா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வோம். கதையை நம்பியே அடிக்கிறோம்; கதையை நம்பியே பணத்தையும் போடுகிறோம். ஆகையால் சங்கத்தாரின் அனுமதியுடன் இந்தப் பாடத்தை எழுதத் துணிந்தோம். நாம் பெரிய படிப்பாளி அல்லர். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான் நம் படிப்பு. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும், வாசித்தும், நாமே பட்டும் அறிந்ததை மட்டும் சொல்கிறோம்.

முதலில் அந்தப் பியாவாக். இது முதலையும் அன்று, முதலைக்குப் பிறந்ததும் அன்று. தண்ணீர் உள்ள இடங்களில் வாழும் பெரிய உடும்பினம். ஆறு, சதுப்பு, கடலோரம் இவற்றோடு நம் ஜார்ஜ் டவுன் சாக்கடைகளும் அதற்கு வீடாகிவிட்டன. ஆறேழு அடிக்கு மேலும் வளரக்கூடியது. பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது கொத்துவதற்கு அன்று. காற்றிலுள்ள வாசனையை அறிவதற்கு. சுற்றி வளைத்தால் வாலால் சாட்டைபோல் அடிக்கும், கடித்தால் காயம் ஆழமாகும் என்பது மெய். வழி விட்டால் ஓடிவிடும் என்பதும் மெய். அது தின்பது என்ன? மீன், நண்டு, முட்டை, செத்த பிராணி, பாம்பு, எலி! அரிசி மூட்டையைக் கடித்து, பருப்பிலே புழுக்கை போட்டு, மூத்திரத்தால் எலிக்காய்ச்சலையும் பரப்பி நமக்கு நஷ்டம் வைக்கும் அந்த எலியைத்தான். எலிப் பாஷாணத்துக்கு மாதாமாதம் காசு கொடுத்துக்கொண்டே, எலியைத் தின்பதை அடித்துக் கொல்வது எந்தக் கணக்கில் சேரும் என்று நமக்கு விளங்கவில்லை.

இந்த இடத்திலே ஒரு சிறு விஷயம். நாயகம் (ஸல்) அவர்களின் விருந்திலே வைக்கப்பட்டதாக நாம் ஓதியிருக்கும் 'ளப்பு' என்னும் பிராணிக்குத் தமிழில் உடும்பு என்றே அர்த்தம் எழுதி வந்திருக்கிறார்கள். ஆனால் அரபு நாட்டு ளப்பு பாலைவனத்திலே வளை தோண்டி வாழ்வது. முள் அடுக்கிய வால் உள்ளது. பெரும்பாலும் இலை தழையையே மேய்வது. நம் உடும்போ மாமிசம் தின்பது. அரபியில் அதற்கு 'வரல்' என்று வேறு பெயரே உண்டு. நம் நாட்டிலே ளப்பு கிடையாததால் மொழிபெயர்த்தவர்கள் கைக்குக் கிடைத்த பெயரை வைத்தார்கள் போலும். இதிலிருந்து எழும் மஸ்அலாக்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரன் ஃபத்வா சொல்லக் கூடாது. இரண்டும் ஒரே பிராணி அல்ல என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

நிற்க, பாம்புக்கு வருவோம்.

2016-ம் வருஷம் ஏப்ரல் மாதம், பாயா தெருபோங்கில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்திலே, விழுந்து கிடந்த மரத்தின் அடியில் ஒரு மலைப்பாம்பு அகப்பட்டது. ஏறத்தாழ 8 மீட்டர் நீளம் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. பிடிபட்ட சில நாளிலே அது முட்டையிட்டுச் செத்துப்போயிற்று. அப்போது நம் கடைவாசலிலே நடந்த பேச்சு நினைவிருக்கிறது: "இது மனிதனை விழுங்கவே ஊருக்குள் வந்திருக்கிறது" என்று. அது ஊருக்குள் வரவில்லை சகோதரர்களே! மலையடிவாரம் அதன் ஊர். பாலமும் அடுக்கு வீடும் கட்டிக்கொண்டு நாம்தான் அங்கே போனோம். மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. சுற்றி நெருக்கிக் கொன்று விழுங்கும். மனிதரைக் கொன்ற சம்பவங்கள் இந்தோனேசியாவில் நடந்திருக்கின்றன, அதை மறைப்பானேன்? ஆயினும் மிக மிக அபூர்வம். நகரத்துக் கால்வாய்களில் அதன் அன்றாட இரை எலியும் பூனையும் கோழியுமே.

பாயான் லெப்பாஸ் பக்கத்திலே உள்ள சீனர்களின் பாம்புக் கோயிலை நம்மில் எல்லோரும் வெளியிலிருந்தாவது பார்த்திருப்போம். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் கேட்கும் முதற்கேள்வி, "அந்தப் பாம்புகள் ஏன் அசையாமல் கிடக்கின்றன?" என்பதுதான். ஊதுபத்திப் புகையிலே மயங்கிக் கிடக்கின்றன என்று நாமும் பல வருஷம் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். சரியான பதில் வேறு. அவை மரத்தில் வாழும் குழிவிரியன் வகை. காட்டிலே, புகையே இல்லாத இடத்திலும், இப்படித்தான் ஒரே கிளையிலே பகலெல்லாம், சில சமயம் நாட்கணக்காக, அசையாமல் கிடக்கும். இரவிலே இரை அருகில் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் பிடிக்கும். பதுங்கிக் காத்திருப்பதே அதன் பிழைப்பு. கறுப்பும் மஞ்சளுமாய்ப் பருத்திருப்பது பெண். மெலிந்து பச்சையாய் இருப்பது ஆண். இரண்டையும் வேறு வேறு ஜாதிப் பாம்பென்று எண்ணுவோரும் உண்டு. விஷம் உண்டா என்றால், உண்டு. அசையாத பாம்பு கடிக்காத பாம்பு என்று எண்ணிவிடலாகாது.

இதை நாம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு டுரியான் பருவத்திலே, கெடாவில் கூலிம் பக்கத்துத் தோப்பு ஒன்றைக் குத்தகை பேசியிருந்த நண்பரோடு பழம் பொறுக்கப் போயிருந்தோம். கடையிலே வேலை பார்த்த, ஊரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆகியிருந்த தம்பி ஒருவனும் கூட வந்தான். பஜ்ரு தொழுதுவிட்டு இருட்டோடு இறங்கினோம். சருகுக்குள் கிடந்த பழத்துக்குக் கை நீட்டியவன் "கொட்டிவிட்டது காக்கா" என்று கத்தினான். தேள் என்று நினைத்தான். விளக்கடித்துப் பார்த்தால் சருகு நிறத்திலேயே ஒரு பாம்பு, கடித்த இடத்தை விட்டு நகராமல் கிடந்தது. மலாய்க்காரர்கள் இதற்கு 'காப்பாக் போடோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மடக் கோடாலி என்று அர்த்தம். ஆள் வந்தாலும் ஓடாத காரணத்தால் அந்தப் பெயர். மலாயாக் குழிவிரியன் என்பது இதுவே.

நாம் என்ன செய்தோம்? சணல் கயிற்றால் விரலையும் மணிக்கட்டையும் இறுக்கிக் கட்டினோம். பேனாக் கத்தியால் கீறினோம். பிறகு, பக்கத்துக் கம்பத்திலே விஷக்கல் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அங்கே கொண்டு போனோம். கல் ஒட்டிக்கொண்டது, விஷத்தை உறிஞ்சுகிறது என்றார்கள். இரண்டு மணி நேரம் போயிற்று. கை முழங்கை வரை வீங்கிக் கருத்த பிறகே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றோம். மருந்து கொடுத்தார்கள், அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தான், விரல் பிழைக்கவில்லை. "இந்த ஜாதிப் பாம்பின் விஷம் சதையை அழுகச் செய்வது. நீங்கள் கட்டிய கட்டு அந்த விஷத்தை ஒரே இடத்தில் அடைத்து வைத்து, ரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிட்டது" என்றார் டாக்டர். அந்தத் தம்பியின் வாப்பாவுக்கு டெலிபோன் செய்து சொன்ன அந்த நேரத்தை நாம் மறக்கவில்லை.

ஆகவே இதை மட்டுமாவது மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு கழலாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை ஆடாமல் ஒரு கட்டையோடு தளர்வாய்ச் சேர்த்து வைத்து, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம். தூரத்தில் நின்று டெலிபோனிலே ஒரு படம் எடுத்தால் போதும், எந்த மருந்து என்று டாக்டர் முடிவு செய்ய உதவும். மற்றொன்று: நம் பக்கத்துக் கறுப்பு நாகம் தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும். பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரை நிறைய விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிலர் தாய்ப்பாலைத் தேடி ஓடுகிறார்கள். குழாய்த் தண்ணீர் போதும்.

பாம்பு பால் குடிக்கும், பன்னிரண்டு வருஷம் வஞ்சம் வைத்துப் பழி வாங்கும், தலையிலே மாணிக்கம் வைத்திருக்கும், சாரையும் நாகமும் கூடும் என்பவையெல்லாம் ஊரிலிருந்து நம்மோடு கப்பலேறி வந்த கதைகள். வஞ்சம் வைக்கும் அளவுக்கு அதற்கு மூளை கிடையாது. மகுடிக்கு ஆடுவதும் இசையை ரசித்து அன்று. எதிரே அசையும் குழலையும் கையையும் கண்டு பயந்து, அந்தப் பக்கமே படத்தைத் திருப்புகிறது. வீட்டிலோ கடையிலோ பாம்பு வந்தால் 999-க்குச் சொன்னால் பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துச் செல்வார்கள். நம் சந்துக்கு இரண்டு தரம் வந்திருக்கிறார்கள்.

இனி நம் வியாபாரிகளின் பையைத் தொட்ட ஒரு பிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோக்கே பல்லி! இரவிலே "தொக்கே, தொக்கே" என்று கத்துமே, நீல சாம்பல் உடம்பிலே செம்புள்ளியோடு, அதுதான். 2010, 2011 வருஷங்களில் வடமலேசியா முழுவதும் இந்தப் பல்லிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது இளைஞர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். எய்ட்ஸ் நோய்க்கும் புற்றுநோய்க்கும் இதிலே மருந்து இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனிகள் அள்ளிக் கொடுக்கின்றன என்று ஒரு பேச்சு. 300 கிராமுக்கு மேல் எடையிருந்தால் ஆயிரக்கணக்கில் வெள்ளி. இன்னும் பெரிதானால் லட்சம் என்றார்கள். காப்பிக் கடைகளிலே மனிதர்கள் தராசோடு உட்கார்ந்திருந்தார்கள். நமக்கு மிக வேண்டிய ஒருவர், பெயர் வேண்டாம், கடையில் சரக்குப் போட வைத்திருந்த பணத்தோடு மனைவியின் வளையல்களையும் அடகு வைத்து, கூண்டு கூண்டாய்ப் பல்லி வாங்கி, மாடியிலே கரப்பான் பூச்சி போட்டு வளர்த்தார். எடை ஏறவில்லை. ஏறுவது எப்படி? அந்த ஜாதி அவ்வளவு பெரிதாவதே அபூர்வம். பாதி செத்தன, மீதியை வாங்க ஆள் வரவில்லை.

நாம் அப்போது அவரிடம் கேட்டோம்: "மச்சான், நீர் யாரிடம் விற்பீர்?" "இன்னாரிடம்." "அவர்?" "அவருக்கு மேலே ஓர் ஆள் இருக்கிறார்." "கடைசியில் வாங்கி மருந்து செய்பவர் யார்?" பதில் இல்லை. எந்தச் சரக்காயினும் கடைசியில் அதை உபயோகிப்பவன் ஒருவன் இருக்க வேண்டும். தரகர் மேல் தரகராக ஏறிக்கொண்டே போய், உச்சியிலே ஆளே இல்லாத வியாபாரம் அது. அந்தப் பல்லி எய்ட்ஸையோ புற்றுநோயையோ தீர்க்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. 2011 ஜூலையில் பிலிப்பைன்ஸ் அரசாங்கமே இதை நம்பாதீர்கள் என்று எச்சரித்தது. 2019-ல் உலக நாடுகளின் வனஜீவி வியாபார ஒப்பந்தத்திலே தோக்கே சேர்க்கப்பட்டு, ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. நம் நாட்டிலும் 2010-ம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இப்போதும் புலி நகம், கரடிப் பித்து, எறும்புதின்னிச் செதிள் என்று யாராவது உங்கள் கடைக்கு வந்து காதோடு பேசக்கூடும். மருந்தும் கிடையாது, லாபமும் கிடையாது, ஜெயில் மட்டும் உண்டு. தீபகற்பக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2022-ல் அரசாங்கக் கணக்கு வந்தது.

டுரியான் விற்பவர்கள் அடுத்ததைக் கவனிக்க வேண்டும். வௌவால் டுரியான் பூவைக் கெடுக்கிறது என்று தோட்டக்காரர்கள் சிலர் வலை கட்டுவதும் வெடி போடுவதும் உண்டு. டுரியான் பூ சாயங்காலம் மலர்ந்து இரவிலே தேன் சுரந்து, விடியும் முன்பே இதழையும் கேசரத்தையும் உதிர்த்துவிடும். அந்த நேரத்துக்குத் தேன் குடிக்க வருவது வௌவால்தான். அதன் மூக்கிலும் ரோமத்திலும் ஒட்டிய மகரந்தம் அடுத்த மரத்துப் பூவிலே படுவதால்தான் காய் பிடிக்கிறது. காலையிலே மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் பூவைக் கண்டு வௌவால் மேல் பழி போடுகிறோம். அது தானாக உதிர்ந்தது. தியோமான் தீவிலே மரங்களில் காமிரா கட்டி ஆராய்ந்து, பெரிய பழந்தின்னி வௌவால்களும் பூவைச் சேதப்படுத்தாமல் தேனைக் குடித்து மகரந்தம் சேர்ப்பதை 2017-ல் வெளியிட்டார்கள். பாலிக் புலாவ் டுரியானுக்கு இன்று கிடைக்கும் விலையிலே, கூலி கேட்காத வேலைக்காரன் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். பெத்தாய்க்கும் இதே கதைதான்.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது பொய். பழந்தின்னிகளுக்குப் பெரிய கண்கள், நன்றாகவே தெரியும். தலைமயிரிலே வந்து சிக்கும் என்பதும் பொய். ஆனால் வௌவாலால் நோயே வராது என்று நாம் சொல்லவில்லை. 1998, 1999-ல் ஈப்போ பக்கத்திலும் நெகிரி செம்பிலானிலும் நிப்பா காய்ச்சல் வந்து 105 பேர் இறந்தது மெய். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றிகள் தின்று, பன்றிப் பண்ணைகள் வழியாக அது மனிதருக்கு வந்தது. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், விற்காதீர்கள். செத்த வௌவாலைத் தொடாதீர்கள். ஆஸ்த்துமாவுக்கு நல்லதென்று வௌவால் கறி தேடுவோர் இன்னும் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு டாக்டரிடம் போகலாம்.

குரங்கு விஷயம் சுருக்கமாக. தண்ணீர்மலைப் பக்கம் 1884-ல் உண்டான பூந்தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறோம். அங்கே இருப்பது இரண்டு ஜாதி. பழுப்பு நிறத்தில் நீண்ட வாலோடு தரையிலே இறங்கிப் பையைப் பிடுங்குவது கேரா. கறுத்த உடம்பும், கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல் வெள்ளை வளையமுமாய் மரத்திலேயே இருப்பது லோத்தோங். லோத்தோங்கின் குட்டி பொன்னிறமாய்ப் பிறக்கும். கறுப்புத் தாய் வேறு ஜாதிக் குட்டியைத் திருடி வந்திருக்கிறது என்று சொன்னவரை நாம் நேரிலே கேட்டிருக்கிறோம்! சில மாதத்தில் அது தாயின் நிறத்துக்கு வந்துவிடும். லோத்தோங்குக்கு இலையைச் செரிக்கும் தனிவகை வயிறு. ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுப்பது சதக்கா அன்று, அதற்கு நோய் கொடுப்பது. கேராவுக்குக் கொடுத்தால் அது நாளைக்குக் கேட்காமலே பிடுங்கும். பிறகு புகார் போகும், பொறி வரும். கொடுத்தவர் வீட்டிலே இருப்பார், குரங்கு சாகும். தெலுக் பஹாங் சாலையிலே லோத்தோங்குகள் வண்டியில் அடிபடுவதைத் தடுக்க 2019-ல் சில நல்ல மனிதர்கள், பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னி மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள்.

கொடிமலையும் அதைச் சேர்ந்த காடும் கடலோரமுமாக 12,481 ஹெக்டரை 2021-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்த மலையிலே, தோலைக் குடைபோல் விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும் குபோங் இருக்கிறது. அதைப் பறக்கும் அணில் என்பார்கள். அணிலும் அன்று, வௌவாலும் அன்று, தனி இனம். நாம் இன்னும் கண்டதில்லை, இரவிலே போக வேண்டும்.

கடைசியாக ஆந்தை. நம் கடைக்கு மூன்றாவது கடையின் பூட்டிக் கிடக்கும் மாடியிலே ஒரு வெண்கூகை குடியிருக்கிறது. இரவிலே சீறுவதுபோல் கத்தும். அது கத்தினால் வீட்டில் மவ்த்து விழும் என்று நம் மாமியார் முதல் அண்டை வீட்டுச் சீனக் கிழவர் வரை எல்லோருக்கும் பயம். ஆந்தையைக் கொண்டு சகுனம் பார்ப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்ததை மதரஸாவிலே ஓதியவர்கள் நாம். இருந்தும் நடு இரவில் அது கத்தும்போது நமக்கும் ஒரு கணம் திக்கென்றுதான் இருக்கிறது. எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்களோ எலிக்காகவே கம்பம் நட்டு, பெட்டி கட்டி, இந்தக் கூகையை வருந்தி அழைத்துக் குடிவைக்கிறார்கள். எலியைத் தின்று, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். சென்ற வாரம் அந்த மாடிக்கு ஏறி ஓர் உருண்டையை எடுத்து வந்து, காகிதத்திலே வைத்து மாமியார் முன்னால் பிரித்துக் காட்டினோம். மூன்று எலி மண்டை இருந்தன. "இது நம் கடை எலியா?" என்று கேட்டார்கள். "அப்படித்தான் நினைக்கிறேன் மாமி" என்றோம். ஜன்னலைச் சாத்தச் சொல்வதை அன்றிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.